முப்பது மைக்ரோன்

பாலையூற்றில் ஒரு பழைய வீட்டில் எங்கள் கண் நிலையம். வாசலில் டொக்டர் சோமசேகரத்தின் படம், ஆளைவிடப் பெரிது. கீழே, "கண்ணாடியிலிருந்து விடுதலை!" சுதந்திரம் வாங்கித் தந்தவர்களுக்குக்கூட இந்த ஊரில் இவ்வளவு பெரிய படம் இல்லை.

நான் மஹ்ரூப். கருவிழிப்படலத்தின் தடிப்பை அளப்பவன். லேசர் அந்தப் படலத்தைச் சீவும். சீவிய இடத்தில் செல்கள் சாகும். மேல்தோல் திரும்ப வளரும். சீவிய தடிப்பு வளராது. அதனால் ஐந்நூறு மைக்ரோனுக்குக் குறைந்தால் லேசர் இல்லை. டொக்டரே வைத்த சட்டம்.

போன வருடம் கிண்ணியாவிலிருந்து வந்த றுஷ்தா என்ற பிள்ளைக்கு நானூற்று எழுபது. கலியாணத்துக்கு மூன்று கிழமை.

"முப்பது மைக்ரோன் ஒரு தலைமயிரில பாதிகூட இல்லை ஐசே. ஐந்நூறு எண்டு போடும்," என்றார் டொக்டர்.

போட்டேன்.

பிறகு றுஷ்தாவின் சாவுக்குப் போன மையத்து வீட்டில்தான் அவளுடைய உம்மா சொன்னா: "லேசருக்குப் பிறகு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது எண்டவள். கண்ணாடிக் கதை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிடும் எண்டு உங்களிட்டத் திரும்ப வரல்ல."

மெலிந்த படலம் பிதுங்கியிருக்கும். பட்டப்பகலில் வீதியைக் கடந்தவளுக்கு லொறி தெரியவில்லை.

இன்று மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆதிலா என்றொரு பிள்ளை, தாய் மைமூனாவோடு வந்தாள்.

"நானா, இவள் கண்ணாடி போடுறது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியா," தாய் குசுகுசுத்தா. "வாற மாசம் நிக்காஹ்."

அளக்கும் அறை பகலிலும் இருட்டு. ஆதிலா மெசினில் தாடையை வைத்தாள். "இமையுங்க மகள்," என்றேன்; திரையில் அவள் கண் இமைத்தது.

நானூற்று அறுபத்தெட்டு.

"ஐந்நூறு எண்டு போடும்!" வெளியிலிருந்து டொக்டர்.

பேனையை எடுத்தேன். திடீரென்று மையத்துக்கு இடும் கற்பூரமும் ஈரமண்ணும் மணத்தன.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். குளிர்ந்த விரல்கள்.

ஆதிலாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

உள்ளதையே எழுதினேன். வெளியே வந்து மைமூனாவிடம், "ஏலாது தங்கச்சி. செய்தா பிள்ளைக்குக் கண் போகும்," என்றேன்.

"இங்க டொக்டர் ஆர்?" சோமசேகரம் உறுமினார்.

ஆதிலா அவரை உற்றுப் பார்த்தாள். "சேர், நீங்களே கண்ணாடிதானே போட்டிருக்கீங்க?"

ரோசத்தில் கண்ணாடியைக் கழற்றியவர், கதவென்று நினைத்து அலுமாரியைத் திறந்தார்.

அவர்கள் போனார்கள். ஒரு பிள்ளை தப்பிவிட்டாள். இனி றுஷ்தா என்னை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அளக்கும் அறைக்குத் திரும்பி மெசினை நிறுத்தினேன். வயரையும் கழற்றினேன்.

திரை ஒளிர்ந்தது.

கதிரையில் யாருமில்லை. திரையில் ஒரு கண். கூம்பாகப் பிதுங்கி, என்னையே பார்த்தபடி.

"இமையுங்க மகள்," கெஞ்சினேன்.

இமைக்கவில்லை.