இரண்டு விநாடி இருட்டு

"மானிட்டர் கறுக்குதா... இல்ல, அந்த நேரம் பார்த்து நீங்க கண்ணை மூடிக்கிறீங்களா?"

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே இதுதான். தலைமுடியில் மழைத்துளிகள் இன்னும் காயவில்லை. தோளில் கருவிப்பை. முகத்தில் கேலியின் சாயல்கூட இல்லை... அதுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. மனுஷன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறான்.

"ஏன், என் கண்ணையும் ரிப்பேர் பண்ணுவீங்களா?"

அவன் யோசித்தான். அந்தக் கண்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தான். பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்த கண்கள்.

"அதுல கோளாறு இருக்கற மாதிரி தெரியல" என்று பொறுப்பாகச் சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் குனிந்து மறைந்தான். அவன் வெளியே வருவதற்குள் அவள் சிரிப்பை அடக்கி, முகத்தை மறுபடி இறுக்கமாக்கிக்கொண்டாள்.

அது அட்டைப்பெட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றின் மாடி. கீழே இயந்திரங்கள் ஓடும்போது மேலே தரை லேசாக அதிரும். மருந்துப் பெட்டிகளின்மேல் வரும் எழுத்தையும் நிறத்தையும் அமைப்பது அவள் வேலை. ஒரு புள்ளி தவறினாலும் ஐம்பதாயிரம் பெட்டிகள் குப்பைக்குப் போகும். அப்படிப்பட்ட வேலையின் நடுவில்தான், ஒரு மாதமாக, அவளுடைய திரை திடீரென்று இருண்டுபோய், இரண்டு விநாடி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவன் பழுது பார்க்கும் நிறுவனத்திலிருந்து, மாடியிலுள்ள எல்லா இயந்திரங்களையும் பார்க்க ஒரு வாரத்துக்கு அனுப்பப்பட்டவன். எதைக் கேட்டாலும் காரணத்தோடு சொல்வான் என்பதால், முதல் நாள் மதியத்துக்குள்ளேயே மாடி முழுக்க அவனுக்கு 'விளக்கம்' என்று பெயராகிவிட்டது.

அவளுக்கும் விளக்கம் கிடைத்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் எதிரெதிரே நிறுத்தி, இது கணினி, இது திரை என்று ஆரம்பித்தான். இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கணம் பேச்சு அறுந்தால், அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு திரை கதை கட்டாது... கண்ணை மூடிக்கொள்ளும். பிறகு 'யார் நீ, எந்த அளவில் படம் அனுப்புகிறாய்' என்று முதலிலிருந்து விசாரிக்கும். அந்த விசாரணைக்குத்தான் இரண்டு விநாடி. சொல்லச் சொல்ல அவன் விரல்கள் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்தன, கோபித்துத் திரும்பிக்கொண்டன, மறுபடி சேர்ந்தன.

அவள் கோபத்தை மறந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அண்ணனிடம் 'ஏன்' என்று கேட்டால் 'போய் வேலையைப் பாரு' என்பான். இவன்... கேட்காமலேயே உலகத்தைப் பிரித்துக் காட்டுகிறான்.

கூடவே தன் சங்கடத்தையும் சொன்னான். மூன்று மாதப் பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை. 'சரிசெய்தாயிற்று' என்று கையெழுத்துப் போட்ட பிறகு அதே புகார் மறுபடி வந்தால், வெளிவேலைக்கு அனுப்ப மாட்டார்கள். தொலைபேசி எடுக்கும் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் எப்போதெல்லாம் கறுக்கிறது என்று எழுதி வைக்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தான். ஒரு கட்டத்தில் நேரம். பக்கத்துக் கட்டத்தில், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு, அவள் மேஜையை ஒட்டிய மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அச்சுப்பிழை திருத்தும் தோழியுடையது. மூன்று வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்ட தோழி. உட்கார்ந்திருந்தால் தடுப்பு மறைக்கும். அவள் மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தாள்...

தோழியின் பிரிண்டர் பக்கத்தில் அவன். இரண்டு ஆள்காட்டி விரல்களும் எதிரெதிரே.

*அதே விரல். அதே கதை.*

பொத்தென்று உட்கார்ந்தாள். திரை இருண்டது. இரண்டு விநாடி... வந்தது. அவள் தாளை எடுத்தாள். பதினொன்று பத்து. பக்கத்துக் கட்டத்தில் என்ன எழுதுவது? 'வேலை' என்று எழுதினாள்.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தோழி அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டும் சத்தம் கேட்டது. எழுந்தாள். உட்கார்ந்தாள். கறுத்தது. 'வேலை.' மூன்று ஐந்துக்கு அந்தப் பக்கம் பேச்சே கேட்கவில்லை. பேசாமல் அங்கே என்ன நடக்கிறது? எழுந்தாள். உட்கார்ந்தாள். கறுத்தது. 'வேலை.'

நமக்கென்ன வந்தது, அவன் யாரிடம் பேசினால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன வாய் மூடவில்லை, அதற்குள் காது தடுப்பைத் தாண்டிப் போய்விட்டது. சாயங்காலம் வீட்டில் அவள் பாத்திரம் கழுவும் ஓசையைக் கேட்ட அண்ணி, யார் மேல் உள்ள கோபமோ தெரியவில்லை, டம்ளர் நசுங்குகிறது, அதை மட்டும் விட்டுவிடு என்றாள்.

புதன்கிழமை மாலை அவன் தாளை வாங்கிப் பார்த்தான். ஏழு நேரங்கள். தன் வேலைக் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். முகம் மலர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத்தான் நெஞ்சு திக்கென்றது.

ஏழு தடவையும் தான் அந்தப் பிரிண்டரைச் சோதித்துக்கொண்டிருந்த நேரமாம். பிரிண்டருக்குள் மையை உருக்கி ஒட்டும் உருளை இருக்கிறது. அது சூடாகும்போது மின்சாரத்தை ஒரே மடக்கில் குடிக்கும். அந்த நேரம் அதே மின் இணைப்பில் இருக்கும் திரைக்குத் தடுமாற்றம் வரலாம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா இருக்கும்" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

"ஏழு காக்காயா மேடம்? நாளைக்கு முழுக்க அங்கயே உக்காந்து பார்த்துடறேன்."

அங்கேயே. முழுக்க. அவள் விசைப்பலகையை ஓங்கித் தட்டினாள்.

வியாழக்கிழமை சொன்னபடியே அங்கேயே உட்கார்ந்தான். நாற்பது பக்கம் அச்சிட்டான். அவளுடைய வேலை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்... இருபதாவது பக்கத்தில் தோழி எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும்வரை. அப்புறம் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. எழுந்தாள், எட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

"மேடம், இப்பக் கறுத்துச்சா?" தடுப்புக்கு அப்பாலிருந்து ஆவலான குரல்.

"...கறுத்துச்சு."

அவன் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. முடிந்தது விஷயம், பிரிண்டர்தான் திருடன். வெள்ளிக்கிழமை மாலை அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், சனிக்கிழமை மின்பணியாளர் வந்து சுவரைக் குடைந்து பிரிண்டருக்குத் தனி இணைப்புக் கொடுப்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் தோழி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் மேஜையருகே வந்து நின்றாள்.

"உன் விளக்கம் என் பிரிண்டரைப் பிடுங்கிப் போட்டுட்டாருடி. சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலையே இல்ல."

"என் விளக்கமா? உன் பக்கத்துலதானே மூணு நாளா குடித்தனம்."

"ஐயோ, நீயே வச்சுக்கோ. அந்த உருளையைப் பத்திக் கேட்டுக் கேட்டு என் காது தீஞ்சு போச்சு. சிரிச்சாலாவது நிறுத்துவாருன்னு சிரிச்சேன்... இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாரு."

தோழி போய்விட்டாள். வெளியே மழை வலுத்திருந்தது. உள்ளே குளிரூட்டி உலர்த்திய காற்று. அலமாரியின் மேல்தட்டில் இருந்த மாதிரிப் பெட்டி அவளுக்குத் தேவைப்பட்டது. நிறத்தை ஒப்பிட வேண்டும் என்பதால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

திரை கறுத்தது.

அப்படியே நின்றாள். பிரிண்டரைத்தான் பிடுங்கிப் போட்டாயிற்றே... இரண்டு விநாடியில் வெளிச்சம் வந்தது. மெல்ல உட்கார்ந்தாள். கறுத்தது. எழுந்தாள். கறுத்தது.

நாற்காலி. முதுகு வலி என்று அவள் கேட்டதற்காக, போன மாதம் மேலாளர் வாங்கித் தந்த, ஏறி இறங்கும் சுழல் நாற்காலி. ஒரு மாதத்தில் என்ன புதிதாக வந்தது என்று அவன் முதல் நாளே கேட்டிருந்தான். எதுவும் இல்லை என்றாள். நாற்காலியையெல்லாம் யார் கணினிக் கணக்கில் சேர்ப்பார்கள்?

கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பிரிண்டர் இல்லையென்றால் அந்த ஏழு நேரங்கள்? அவன் அந்த மேஜைக்குப் போன ஒவ்வொரு முறையும் இவள் எழுந்து எட்டிப் பார்த்திருக்கிறாள் என்பதை, இவள் கையெழுத்திலேயே எழுதி, அவன் கையிலேயே கொடுத்திருக்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேலாளர் அறையில், அவன் குனிந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தான்.

பேசாமல் இருந்துவிடலாம். சுவரைக் குடைவார்கள். திங்கட்கிழமை மறுபடி கறுக்கும். அவனைத் தொலைபேசி மேஜைக்குத் தள்ளுவார்கள்... ஊர்ஊராகப் போய் ஒவ்வொரு இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் அந்த விரல்கள், நாளெல்லாம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கும். தன் மானம் பெரிதா, அவன் பிழைப்பா?

நாலு எட்டில் கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டாள்.

"கையெழுத்துப் போடாதீங்க. பிரிண்டர் இல்ல... ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

அவன் வந்தான். அவள் உட்கார்ந்து காட்டினாள், எழுந்து காட்டினாள். மூன்றாவது முறை கறுத்தபோது அவன் முகத்தில் ஏமாற்றம் துளியும் இல்லை. தீபம் ஏற்றியதுபோல் ஒரு வெளிச்சம். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இருந்த இரும்புக் குழலைத் தட்டினான்.

இதற்குள் காற்றை அழுத்தி அடைத்திருக்கிறார்கள் என்றான். எழும்போது குழல் சரேலென்று நீளும், உட்காரும்போது சுருங்கும். உலர்ந்த காற்றில் அந்த உரசல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியைக் கிளப்பும். பொறியிலிருந்து ஓர் அலை. மேஜைக்கு அடியில் தொங்கும் மெல்லிய கேபிள் அந்த அலையைப் பிடித்துக்கொள்ளும், பேச்சு அறுந்துபோகும், திரை கண்ணை மூடிக்கொள்ளும். சொல்லி முடித்துவிட்டு, இவ்வளவு அழகான கோளாறை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லையே... சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தான்.

"ஆனா ஒண்ணு மட்டும் இடிக்குது மேடம். ஏழு தடவையும் நான் அங்க இருந்த நேரம். வேலைன்னு எழுதியிருக்கீங்க. வேலை உக்காந்து செய்யறது. எதுக்கு எழுந்தீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"எட்டிப் பார்த்தேன்."

"எதை?"

"உங்களைத்தான்."

அவனுக்குப் புரியவில்லை. புருவம் சுருங்கியது. "என்னை எதுக்கு..."

"எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னீங்க. ரெண்டு விரலையும் வச்சு. அதே மாதிரி. எனக்குப் பிடிக்கல. உங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான்... எனக்கு யாரும் அப்படி உக்கார வச்சு எதையும் சொன்னதில்ல. அது எனக்கு மட்டும்னு நினைச்சுட்டேன். போதுமா? எழுதிக்கோங்க."

கீழே இயந்திரம் நின்றது. தரையின் அதிர்வு அடங்கியது. மழைச் சத்தம் மட்டும்... விளக்கம் வாயடைத்து நிற்பதை அந்த மாடி அன்றுதான் பார்த்தது. அவன் காது மடல்கள் மெல்லச் சிவந்தன.

பிறகு கருவிப்பையைத் திறந்து ஒரு தடித்த கேபிளை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இந்தக் கேபிள் மேல ரெண்டு அடுக்கு உறை இருக்கு. எந்த அலையும் உள்ள போகாது. பத்து நிமிஷ வேலை."

"இது எப்ப வாங்கினீங்க?"

"முதல் நாளே பையிலதான் இருந்துச்சு." அவன் அவளைப் பார்க்கவில்லை. "மானிட்டர் கறுக்குதுன்னா முதல்ல கேபிளை மாத்திப் பாருன்னுதான் எங்களுக்குப் பாலபாடம். பிரிண்டரை நெஜமாவே நம்பினேன், அதுல பொய் இல்ல. ஆனா... இதை மட்டும் பையை விட்டு எடுக்கவே இல்ல."

"ஏன்?"

"மாத்தினா சரியாயிடுமே."

அவளுக்குக் கோபம் வரவேண்டும். ஒரு வாரம் தன்னைத் தீயில் வாட்டியதற்கு, அண்ணியின் டம்ளர்கள் நசுங்கியதற்கு... வரவில்லை. உதடுகளைக் கடித்துப் பார்த்தாள். சிரிப்புதான் வந்தது.

அவன் மேஜைக்கு அடியில் புகுந்து கேபிளை மாற்றினான். எழுந்து உட்காரச் சொன்னான். எழுந்தாள், உட்கார்ந்தாள், வேண்டுமென்றே இன்னொரு தடவை எழுந்தாள். திரை இமைக்கவே இல்லை. பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டு, புதிதாக நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். போட்ட பிறகு பேனாவை மூட மறந்து நின்றான்.

"திங்கள்லேர்ந்து வேற ஆபீஸ்" என்றான். "இங்க எல்லாம் சரியாயிடுச்சு. இனி நான் என்ன காரணம் சொல்லிக்கிட்டு வர்றது?"

அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"ஒரு தடவையாவது காரணம் சொல்லாம வாங்களேன்..."