ஏரித் தண்ணீரில் உப்பு

பானையைக் கழுவ மக்டலீன் கையை விட்டபோது சிங்குத் தண்ணீர் ஒளிர்ந்தது. விரல்களைச் சுற்றி மெல்லிய நீலம். கையை அசைக்காமல் வைத்ததும் அணைந்துபோயிற்று.

மாலை நாலே முக்கால்தான். ஆனாலும் கனடாவின் ஜனவரி மாதத்து வெளிச்சம் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் செத்துக்கொண்டிருந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன் கரண்டும் போயிருந்தது. பிரிட்ஜின் இரைச்சல் நின்றுபோன அந்தப் பதினேழாம் மாடி வீட்டுக்குள், யன்னல் விளிம்பில் காற்று உரசும் சத்தமும், மத்தியானம் பொரித்த கருவாட்டின் வாசமும், குளியலறையில் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நிலாணியின் பாட்டும் மட்டும் மிஞ்சியிருந்தன. அவசர மின்னில் ஓடும் பம்பும் நிற்குமுன் தொட்டியை நிரப்பி வைக்கும்படி மக்டலீன்தான் சொல்லியிருந்தாள். நிலாணி அவளுடைய தம்பி யோசப்பின் மகள். ஒன்பது வயது.

மக்டலீன் விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். அதில் உப்பு இல்லை. அப்படி ஒளிரும் நுண்ணுயிர் நன்னீரில் வாழ்வதும் இல்லை. ஊரில், அவள் பிறந்த தீவின் கடலாராய்ச்சி அலுவலகமொன்றில், விஞ்ஞானிகள் எழுதியதை மீனவருக்கு விளங்கும் தமிழில் சொல்வதுதான் அவளுடைய வேலையாக இருந்தது. துண்டுப்பிரசுரம், வானொலிப் பேச்சு, கரையோரக் கூட்டம். அவளுடைய சொந்தக் கரையில், கடல் இப்படி நீலமாய் எரியும் இரவுகளில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. செத்தவர்கள் விளக்குப் பிடிக்கிறார்கள் என்பார்கள். அது பேயில்லை, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர், பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் மூன்று கூட்டம் வைத்து விளக்கினாள். "என்ர அக்கா படிச்சவள், பொய் சொல்லமாட்டாள்" என்று யோசப்தான் முதலில் வள்ளத்தைத் தள்ளினான். கூட நாலு பேர்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் துடுப்பு விழும் இடமெல்லாம் கடல் எரிந்தது. கும்மிருட்டில் அந்த வள்ளம் எங்கே போகிறது என்று கடற்படையின் ரோந்துப் படகுக்கு அதுவே காட்டிக் கொடுத்தது. அந்தப் பழைய வழக்கம் எதற்காக வந்தது என்று யாருக்கும் நினைவில்லை; அவளும் யாரையும் கேட்கவில்லை. ஏழு வருஷமாயிற்று. சுடப்பட்ட ஐந்து பேரின் உடல்களும் கரைக்கு வரவில்லை. அடுத்த மாரியில் நிலாணியின் தாயும் காய்ச்சலில் போக, மக்டலீன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்கு வந்தாள். தகப்பன் கடலில் போனவர் என்பது மட்டும் பிள்ளைக்குத் தெரியும். யாருடைய பேச்சை நம்பிப் போனார் என்பது தெரியாது.

கதவு தட்டப்பட்டது. மக்டலீன் மெழுகுதிரியோடு போய்த் திறந்தாள். பக்கத்து வீட்டு அருள்மலர் அன்ரி, கோட்டும் மப்ளருமாக மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, திரி ஒண்டு தாரும். மாதாவுக்குத் திரி கொளுத்திற வேதக்காரர் வீட்டில இல்லாட்டி வேற எங்க கிடக்கப்போகுது?"

"நடந்தே ஏறினீங்கள் அன்ரி?"

"பின்னை, பறந்தே வாறது? என்ர முழங்கால் இனி எனக்கில்லை. அதை விடும், படி முழுக்க ஈரம். ஆரோ நாலைஞ்சு பேர் வெறுங்காலோட ஏறியிருக்கினம். இந்தக் குளிருக்கை! உவையளுக்கு விசரோ?"

"எவ்விடம் வரைக்கும் ஏறியிருக்கினம்?"

"உம்மட வாசல் வரைக்கும்தான். விருந்தாளியள் ஆக்கும், கறி மணக்கும் எண்டு நினைச்சன். கருவாடுதான் மணக்குது."

மக்டலீன் சிரிக்கவில்லை. கையிலிருந்த திரியையே நீட்டினாள். அன்ரி அதைக் கையால் பொத்தியபடி நடக்க, ஓடைபோல நீண்ட நடைவழி அவளுக்குப் பின்னால் இருண்டுகொண்டே போனது.

கதவைச் சாத்தினாள். கால் நனைந்தது. கம்பளத்தில் அவள் மிதித்த இடம் நீலமாய் எரிந்து, ஓர் அகலமான பாதத்தின் வடிவைக் காட்டி அணைந்தது. இன்னொரு அடி வைத்தாள். இன்னொரு பாதம். எல்லா விரல்களும் ஒரே பக்கம் பார்த்தன. வீட்டுக்குள்ளே.

கருவாட்டு வாசம் இப்போது இல்லை. பாசி வாசம். நனைந்த கயிற்றின் வாசம்.

பாட்டும் இல்லை.

"நிலாணி?"

"மாமி, கம் அன்ட் ஸீ!" குளியலறை இருட்டிலிருந்து குரல் வந்தது. "தண்ணியில ஸ்ரார்ஸ்!"

ஓடினாள். அவள் காலடியில் ஒவ்வொரு பாதமாக எரிந்தது. பிள்ளை தொட்டியின் ஓரத்தில் முழங்காலில் நின்றாள். கை மணிக்கட்டு வரை தண்ணீரில்.

"கையை எடு!"

"வை? நீங்கள்தானே சொன்னனீங்கள். உது சின்னச் சின்ன உயிர் மாமி. பயப்பிடத் தேவையில்லை."

அதே சொற்கள். அதே நம்பிக்கை. யோசப்பின் அதே முகம்.

"பயப்பிடு" என்றாள் மக்டலீன். "பயப்பிடு அம்மா. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். உன்ர அப்பாவைக் கடலுக்கு அனுப்பினது நான்தான். போகமாட்டன் எண்டு நிண்ட சனத்தை நான்தான் கதைச்சு அனுப்பினனான்."

நிலாணி திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. ஏதோ கணக்குச் சரிவந்ததுபோன்ற அமைதி.

"ஓம் மாமி. அவர் இப்பத்தான் சொன்னவர்."

கையை உயர்த்த முயன்றாள். உயரவில்லை. தண்ணீர் அசைந்தது. சின்ன மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள் நீலமாய்த் தெளிந்தன. அதன் கீழே இன்னொரு கை. இன்னொன்று. தொட்டியின் ஆழம் ஒன்றரை அடி. கைகள் அதற்கும் கீழே, வெகு கீழேயிருந்து வந்தன.

மக்டலீன் பிள்ளையின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். கால்களைச் சுவரில் ஊன்றினாள். இழுத்தாள். அந்தப் பக்கம் முரட்டுத்தனம் இல்லை. அவசரமும் இல்லை. கரைவலை இழுக்கிறவர்களின் பொறுமை.

முழங்கை தண்ணீருக்குள் போனது. தோள்.

நிலாணியின் கூந்தல் நுனி தண்ணீரைத் தொட்டது. ஒவ்வோர் இழையாக, நீல ஒளி மேலே ஏறத் தொடங்கியது.