நீலம் வரும் இடம்

ஈரம் கட்டிய சுவர் என்றால் தொட்டதும் சில்லென்று இருக்க வேண்டும். இது வெதுவெதுவென்று இருந்தது. மகனின் கட்டிலை ஒட்டி ஒரு முறம் அளவுக்குப் பரவிக் கிடந்த கறையின் மேல் அவள் உள்ளங்கையை வைத்து எடுத்து முகர்ந்தாள். சுண்ணாம்பு வாசனையும் இல்லை, பாசி வாசனையும் இல்லை, தூங்கி எழுந்த பிள்ளையின் வாயில் வருமே, அந்த வாசனை. அதைப் பற்றி யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஆறு மாதமாக இந்த ஈரத்தோடுதான் மல்லுக்கட்டு. குளியலறை டைல்ஸ் இடுக்கெல்லாம் வெள்ளை சிமெண்ட் பூசியாயிற்று, பழைய குழாயை மாற்றியாயிற்று, கசிவு தடுக்கும் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தாயிற்று. எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். ஏழு வயது மகனுக்கு மூச்சை இழுத்தால் நெஞ்சில் விசில் அடித்தது. சுவர் காய்ந்தால்தான் பிள்ளை தேறுவான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் கணவன், "ஈரந்தானே, வெயில் அடிச்சா காஞ்சுடும்" என்பான் போனில். வெயில் ஒரு மாதமாகக் கொளுத்திக்கொண்டிருந்தது.

இருப்பது ஒரே படுக்கையறை. போன வாரம் கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினாள். மூன்றாம் நாள் பழைய கறை காய்ந்து, கட்டில் இப்போது இருந்த பக்கம் புதுக் கறை வந்திருந்தது.

"இந்தப் பக்கம் குழாயே போகலையேம்மா" என்றார், மத்தியானம் வந்த குழாய்க்காரர். சுவரைத் தொட்டவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"உடைச்சே பாத்துடலாமாண்ணே?"

"கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையாயிடும். முதல்ல தண்ணி எங்க போகுதுன்னு பாப்போம்."

துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு பாட்டில் முழுக்கக் குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் கவிழ்த்து, இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றினார்.

"நீலம் எங்க வருதோ அங்கதான் ஓட்டை. கண்ணை எடுக்காம பாத்துட்டு இருங்க."

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். தேநீர்கூட வேண்டாம் என்று போய்விட்டார்.

அவள் கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளி இழுத்துவிட்டு, இடையில் தரையில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள். பின்னால் மகன் தூங்கினான். திரைச்சீலை வழியாக வந்த மஞ்சள் வெயில் மெல்லச் சாம்பலாகி, அலமாரியின் நிழல் நீண்டு கட்டில்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. சுவருக்குள் எங்கோ ஒரு சொட்டு விழும் சத்தம். அவன் நெஞ்சில் ஒரு விசில், உள்ளே ஒரு சொட்டு. ஒரு விசில், ஒரு சொட்டு. எத்தனை நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ, கண் செருகிப் போயிற்று.

விழித்தபோது கறை சுருங்கியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே ஓரம் வெளுத்தது. ஒரு கை அளவானது. காசு அளவானது. போயே போய்விட்டது.

தொட்டாள். சில்லென்று, உலர்ந்து, நல்ல சுவர். அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

"குட்டி, சுவர் காஞ்சிடுச்சுடா."

டொக்.

சத்தம் நிற்கவில்லை. சுவருக்குள் இல்லை. முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள். கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு நீலப் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. தலையணை நனைந்திருந்தது.

மகன் கண்ணைத் திறந்தான். விசில் இல்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக.

"அம்மா, இப்ப மூச்சு நல்லா வருதும்மா."

அவன் காதிலிருந்து வழிந்தது. நீலம். ஆறு மாதப் பழக்கம், கை தானாகப் போய் அழுத்தியது. மூக்கில் வந்தது. மூக்கைப் பொத்தினாள். வாயில் வந்தது.

வாயையும் பொத்தினாள்.

கசிவு நின்றது. எடுத்தால் மறுபடி வந்துவிடும் என்று அவள் கையை எடுக்கவேயில்லை.