இதயத்தை நோக்கி

இடது கெண்டைக்காலில், கணுக்காலில் தொடங்கி முழங்காலை நோக்கி நிரோஜினி இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனபோது, தோலுக்குக் கீழே ஏதோ ஒன்று அவளுடைய கைகளைக் கடந்து, எதிர்ப்பக்கமாக, பாதத்தை நோக்கி ஊர்ந்து போனது.

அவள் கையை எடுக்கவில்லை. வெளியே மாரி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் ஆகுமுன்பே அறை இருண்டு கிடந்தது. சூடாக்கிய தேங்காயெண்ணெயின் மணமும், காயாத துணிகளின் புழுங்கல் மணமும், துறைமுகப் பக்கமிருந்து காற்று கொண்டுவரும் டீசல் மணமும் ஒன்றாகக் கலந்து கட்டிலைச் சுற்றித் தேங்கி நின்றன. நிலாவெளி ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் எத்தனையோ கால்களை அவள் பிடித்துவிட்டிருக்கிறாள். பிடிப்பு விழுந்த தசை துள்ளும். முடிச்சு விழுந்த தசை விரலுக்கடியில் வழுக்கி ஓடும். ஆனால் எந்தத் தசையும் இப்படி இடம் பார்த்து ஊர்ந்து போனதில்லை.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோசம்தான் வந்தது.

"இஞ்ச பாருங்கோ! அசைஞ்சதப்பா! நான் அமத்துறது தெரியுதோ?"

கட்டிலில் கிடந்த அவளுடைய கணவன் சிந்துஜன் கண்களை இரண்டு தரம் மூடித் திறந்தான். ஒரு தரம் மூடினால் ஓம். இரண்டு தரம் மூடினால் இல்லை. அவனிடம் மிச்சமிருந்த கதை அவ்வளவுதான்.

சிந்துஜன் சுழியோடி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடிப்பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியையும் பாசியையும் நீருக்குள் இறங்கிச் சுரண்டுவதுதான் அவனுடைய வேலை. ஆவணியில் ஒரு நாள், நின்று நின்று ஏறி வரவேண்டிய ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்தான். இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்துக் கழுத்துக்குக் கீழே எல்லாம் செத்துப்போனது. குரலும் போனது. "ஆரோ காலைப் பிடிச்ச மாதிரி உதறி உதறித்தான் வந்தவன்," என்று வள்ளத்தில் நின்ற ஞானசேகரம் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

டொக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தசைகள் வற்றும், மூட்டுகளையாவது இறுகவிடாமல் பாருங்கள் என்று சொல்லி லிங்கநகர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிரோஜினி வேலையை விட்டாள். நீர்கொழும்பில் படித்த சுவீடிஷ் மசாஜை ஒழுங்கு தவறாமல் அவனுக்குச் செய்யத் தொடங்கினாள். முதலில் நீள வருடல், இரத்தம் திரும்பும் வழியில், எப்போதும் இதயத்தை நோக்கி. பிறகு தசையை எலும்பிலிருந்து தூக்கி, மாப் பிசைவதுபோல் பிசைதல். பிறகு பெருவிரல் நுனியால் முடிச்சுகளில் வட்டமாக அரைத்தல். பிறகு கையோரத்தால் தட்டல். கடைசியில் விரல்களை வைத்து நடுக்கி எடுக்கும் அதிர்வு. கெண்டைக்காலில் மேலே இரட்டைத் தலைத் தசை, அதற்கடியில் தட்டையாக சோலியஸ். தொடைக்கு முன்னால் நான்கு தசை, பின்னால் மூன்று. அவளுக்கு எல்லாம் கைப்பாடம். கால், தொடை, முதுகு, கைகள் என்று ஒவ்வொரு இடமாக மேலே வந்திருந்தாள். நெஞ்சும் கழுத்தும் முகமும்தான் மிச்சம்.

அந்த வாரம் முழுக்கத் தசைகள் ஊறின. வற்றிக் கிடந்த தொடை திரண்டது. அவள் தட்டி முடித்துக் கையை வைத்திருந்தால், உள்ளேயிருந்து அதே வேகத்தில், அதே தாளத்தில் திருப்பித் தட்டியது. திரண்ட இடமெல்லாம் குளிர்ந்திருந்தது. எண்ணெயைத் துடைத்த துணியில் துறைமுகச் சேற்றின் நாற்றம் அடித்தது. அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தோடு அறைக்குள் வரும்போதே சிந்துஜனின் கண்கள் இரண்டு தரம் மூடித் திறப்பதையும், நிறுத்தாமல் திரும்பத் திரும்ப மூடித் திறப்பதையும் மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

"மனசை விட்டிடாதேங்கோ," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு காலில் கையை வைத்தாள்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கும் சனூஸா ஆஸ்பத்திரியில் பிசியோ பிரிவில் வேலை செய்பவள். வேலை முடிந்து போகும் வழியில் வந்து சிந்துஜனைப் புரட்டிப் போட உதவுவாள். அன்று நிரோஜினி அவளுடைய கையைப் பிடித்து இழுத்து வந்து கெண்டைக்காலில் வைத்தாள்.

"பாரடி, எப்பிடித் திரண்டிருக்கு எண்டு!"

சனூஸா விரல்களை ஆழ அழுத்தினாள். முகம் மாறியது. பிறகு கையை வெடுக்கென்று பறித்து எடுத்தாள். நேரே குசினிக்குப் போய் நெடுநேரம் கை கழுவினாள்.

"உணர்வில்லாத தசை இறுகுறத்த நான் எவ்வளவோ கண்டிருக்கன் புள்ள. இது இறுக்கமில்ல."

"அப்ப என்ன?"

"நான் விட்ட பொறகும் இது என்ட விரல விடல்ல." சனூஸாவின் குரல் தாழ்ந்தது. "நீ தொட்ட இடமெல்லாந்தான் இப்பிடிக் கிடக்கு. தொடாத இடம் அவர்ர உடம்பாத்தான் இருக்கு. இனிக் கைய வெக்காத."

"டொக்டர்மாரும் விட்டிட்டினம். அவற்ற சனமும் எட்டிப் பாக்கிறேல்ல. என்ர கை ஒண்டுதான் மிச்சம், சனூஸா. அதையும் நிப்பாட்டச் சொல்லுறியா?"

"ஓம், நிப்பாட்டு. நாளைக்கு வேல முடிஞ்சு வாறன். அதுக்குள்ள தொட்டிராத."

அவள் போன பிறகு நிரோஜினி கதிரையை இழுத்து அவனுடைய முகத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். இத்தனை நாளும் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டாள்.

"கால் அசையிறது நீங்களோ?"

இரண்டு தரம்.

"அண்டைக்குக் கப்பலுக்குக் கீழ... உங்கட காலை ஏதும் பிடிச்சதோ?"

கண்கள் ஒரு தரம் மூடின. நெடுநேரம் திறக்கவில்லை. மூடிய இமைக்கடியிலிருந்து கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அவள் எண்ணெய்ப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்று அவனைத் தொடவில்லை. போர்வைக்கடியில் அவனுடைய கால்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. தேடும் கைகளைப் போல.

மறுநாள் பின்னேரம் மழை இன்னும் வலுத்தது. கரண்ட் நின்றது. அந்த இருட்டில்தான் சிந்துஜனின் மூச்சுச் சத்தம் மாறியது அவளுக்குக் கேட்டது. கரகரத்து, இழுத்து, நின்று, பிறகு ஒரு சின்ன விக்கல். உதடுகள் நீலம் பாரித்தன. அவள் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். கப்பல்துறைப் பக்கம் வெள்ளத்தில் நிற்கிறது, சுணங்கும் என்றார்கள். சனூஸாவுக்கு அடித்தாள். "வந்துகொண்டிருக்கன்," என்றாள் சனூஸா. பாதிச் சொல்லில் தொடர்பு அறுந்தது.

நெஞ்சு அசையவில்லை. திரண்ட தோள்களும் கைகளும் அதன் இரண்டு பக்கமும் காத்துக் கிடந்தன. நடுவில் வற்றிய நெஞ்சு. அவனுக்கென்று மிஞ்சியிருந்த கொஞ்ச உடம்பு.

விலா எலும்புகளுக்கிடையே மெல்லிய தசைகள். மூச்சை இழுப்பதும் விடுவதும் அவைதான். அவற்றை எழுப்பத் தெரிந்த கைகள் அவளிடம் இருந்தன.

அவனுடைய கண்கள் அவளைப் பார்த்தன. இரண்டு தரம். இரண்டு தரம். இரண்டு தரம்.

"எனக்கு ஏலாதப்பா," என்று அழுதாள். "உங்களைச் சாக விட எனக்கு ஏலாது."

விரல் நுனிகளை விலாக்களுக்கிடையே வைத்தாள். நெஞ்செலும்பிலிருந்து வெளிப்பக்கமாக வருடினாள். அரைத்தாள். நடுக்கினாள். அழுதுகொண்டே செய்தாள். கடைசி விலாவுக்கடியில் பெருவிரல்களை வைத்து மூச்சுத் தசையை மேல்நோக்கித் தள்ளினாள்.

நெஞ்சு எழுந்தது.

மூச்சு வந்தது. நீளமான மூச்சு. சிந்துஜன் ஒருபோதும் அப்படி மூச்சு விட்டதில்லை. அவளுடைய முகத்தில் பட்ட அந்தக் காற்று குளிர்ந்து, உப்பும் சேறுமாக மணத்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள். நகர முடியவில்லை. அவனுடைய கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

இழுத்தது. அவள் கட்டிலின் கால்மாட்டில் விழுந்தாள். உடம்பு எழுந்து உட்கார்ந்தது. மற்றக் கை அவளுடைய கணுக்காலைத் தேடி எடுத்தது. அழுத்தவில்லை. நோகச் செய்யவில்லை. உள்ளங்கை முழுவதும் பதிய, கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு, மெதுவாக, மேலே.

அவளுடைய வருடல். அவளுடைய வேகம். ஒரு கையை எடுக்குமுன் மற்றக் கை வந்து பதிந்தது.

கை போன இடத்தில் கால் மரத்தது. பாதம். கெண்டைக்கால். தொடை. ஒவ்வொன்றாக.

அவளுடைய கால்விரல்கள் மடங்கின. அவள் மடக்கவில்லை.

"நிரோ!" வாசலில் கதவு தட்டும் சத்தம். "நிரோ, தொற! நான்தான், சனூஸா!"

"வராத!" என்று கத்தினாள். "ஓடு! ஓடடி!"

தகரத்தில் மழை இரைந்தது.

"கேக்குதில்ல புள்ள! தொற!"

அவளுடைய கால்கள் எழுந்தன. அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தன. ஓரடி. இன்னோரடி. கட்டில் சட்டத்தைப் பிடித்தாள். கால்கள் நடந்தன. விரல்கள் வழுக்கின. சட்டத்தில் இத்தனை நாளும் ஊறிய எண்ணெய்.

பின்னால் தரையில் ஈரக் காலடிகள். தோளில் குளிர்ந்த கை. மேல்நோக்கிக் கழுத்துவரை ஒரு நீள வருடல். கத்த வாயைத் திறந்தாள். குரல் இல்லை. இன்னொரு வருடல், தோளிலிருந்து கீழே, வலது கை முழுவதும், விரல் நுனிவரை.

கதவின் மறுபக்கம் சனூஸாவின் மூச்சு. அவ்வளவு கிட்டத்தில்.

நிரோஜினியின் வலது கை எழுந்தது. கதவுக் கொண்டியைத் தேடியது. பிடித்தது.

அது கொண்டியை நீக்குவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.