எர்மெக்கின் வாய்

எர்மெக் தேநீரை வேண்டாம் என்றான். அந்த மலையூரிலேயே பிறந்து வளர்ந்தவள் சைக்கால். பனி கொட்டும் காலையில், பால் விட்டு உப்புப் போட்ட தேநீரைத் தள்ளிவைத்த ஆம்பளையை அவள் கண்டதே இல்லை.

"தொண்டை அடைக்குது," என்றான் எர்மெக், அவள் கணவன்.

"நேத்து குடிச்ச வோட்கா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்," என்று சீண்டினாள்.

அவன் சிரிக்கவில்லை. கிண்ணத்தில் ஆடும் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து நரம்புகள் புடைத்துப் புடைத்து அடங்கின.

ஆட்டுக்கொழுப்பும் ஈரக் கம்பளியும் சாணப் புகையும் கலந்து நாறிய அந்த வீட்டுக்குள், விறகு எடுக்க அவள் வாசலைத் திறந்ததும் புகுந்த காற்று அவன் முகத்தில் பட, அவன் அலறிய அலறலில் அடுப்போரம் கிடந்த நாய் எழுந்து பின்வாங்கியது. தண்ணீர் வாளியைச் சுவரில் அடித்து நொறுக்கினான். நாயின் காதைக் கடித்துப் பிய்த்தான். பிறகு தன் மணிக்கட்டையே கடித்தான், எலும்பு தெரியும்வரை. வாயில் நுரை வழிய நின்றவன், மூலையில் நடுங்கிய மூன்று வயது மகள் நாரிஸ்தேயைப் பார்த்ததும் தானாகவே சேணம் வைக்கும் அறைக்குள் போனான்.

"பூட்டு," என்றான்.

பூட்டினாள். கணவாய்க்கு அப்பால் கால்நடை மருத்துவராக இருந்த கொழுந்தன் கெனெஷைத் தொலைபேசியில் பிடித்து நடந்ததைச் சொன்னாள்.

"அண்ணி, ரெண்டு மாசம் முன்னாடி அண்ணன் ஒரு நரி அடிச்சாரே, அது எப்படிச் சிக்குச்சு?"

"பயமே இல்லாம வாசலுக்கு வந்துச்சு. பாப்பா தொப்பிக்குத் தோல் ஓட்டையில்லாம வேணும்னு கட்டையால அடிச்சாரு."

சொல்லும்போதே அன்று எர்மெக் அதைத் தோலுரித்தது அவள் நினைவுக்கு வந்தது. தோலை இழுக்க இரண்டு கையும் வேண்டுமென்று, அந்த ஊர் ஆண்கள் எல்லாரையும் போலவே, நரியின் வாயைக் கீறிய கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டான். கத்தி உதட்டைக் கீறி ரத்தம் வந்தது. அன்று இருவரும் சிரித்தார்கள். அதையும் கெனெஷிடம் சொன்னாள்.

"வெறிநோய்க் கிருமி, அண்ணி. அதுக்குன்னு தனியா உசுரு கிடையாது, வெளிய அது வெறும் தூசிதான். நம்ம உடம்போட உயிரணு ஒண்ணு கிடைச்சா விருந்தாளி மாதிரி உள்ள வந்து, நம்ம மாவெடுத்து நம்ம அடுப்புலயே தன்னைச் சுட்டுச் சுட்டு அடுக்கும். நரம்பு வழியா மூளைக்குப் போயிருச்சு. இப்போ எச்சில்ல நிக்குது. அதுக்கு அடுத்த உடம்பு வேணும்."

"ஊசி?"

"எச்சில் காயத்துல பட்ட உடனே போட்டாத்தான். அண்ணனுக்கு இனிமே ஒண்ணுமில்ல." கெனெஷ் அழுதான். "பனியில கணவாய் மூடிருச்சு. எப்போ திறக்கும்னு தெரியல. பாப்பாவை மட்டும் காப்பாத்துங்க. கதவத் திறக்காதீங்க."

அறைக்குள் உதை விழுந்தது. கதவின் அடிப்பலகை பிளந்தது. நகங்கள் கீறின. பிறகு, அவள் நேசித்த அதே பழைய குரல்.

"சைக்கால். வெளிய விடு. பாப்பாவப் பாக்கணும்."

காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அழுதாள். அப்படியே எவ்வளவு நேரம் போனதோ. உதை நின்றது. கீறல் நின்றது. காதிலிருந்து கையை எடுத்தாள்.

அப்போது ஒரு சிரிப்பு. குழந்தையின் சிரிப்பு.

"அம்மா, அப்பா என் விரலச் சப்புறாரு. கூசுது."

திரும்பினாள். நாரிஸ்தே கதவடியில் குப்புறப் படுத்திருந்தாள். உடைந்த பலகைக்குக் கீழே, கை முழங்கைவரை உள்ளே.

பாய்ந்தாள். இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சிரிப்பு வீறலானது. பலகைக்கடியில் ரத்தம் ஊறியது.

"இழு." பல்லுக்கிடையே நசுங்கிய குரல். அவனும் அழுதுகொண்டிருந்தான். "இழு, சைக்கால். வாய் திறக்க மாட்டேங்குது."

இடுக்கு வழியாக அவனுடைய இரண்டு கைகளும் வெளியே வந்தன. மகளின் தோளைத் தடவின. பிறகு, முழுப் பலத்தோடு, அவளை வெளியே தள்ளின.

பற்கள் விடவில்லை.