மஞ்சளுக்கு விட்ட இடம்

மழைக்குப் பயந்து ஓடிவந்து ஏறிய பேருந்தில் ஜினெட்டுக்கு இடம் கிடைத்தது. நிம்மதிதான் கிடைக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரன் மடியில் கட்டுக்கட்டாக வெள்ளை அட்டைகள்... அவள் வரைந்த அட்டைகள்!

மொரிஷியஸின் போர்ட் லூயி நகர அச்சகம் ஒன்றில் அவள்தான் டிசைனர். சாமிப் படம் வேண்டாம், ரோஜாக் கொத்து வேண்டாம் என்று முதலாளியோடு மல்லுக்கட்டி, ஒற்றை வெள்ளிக்கொடியை மட்டும் ஓடவிட்ட கல்யாணப் பத்திரிகை அது. அதன் நான்கு மூலைகளிலும் அந்த மகராசன் மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தான்!

“ஐயோ! என்ன பண்றீங்க மிஸ்யே? ஏன் இப்படி நாசம் பண்றீங்க?”

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி உட்கார்ந்த இமைகள்... கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்.

“நாசமா? அக்கா கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் வைக்காம குடுத்தா அம்மா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க. சோம்பேறித்தனத்துல பஸ் வரைக்கும் கொண்டு வந்துட்டேன்.”

“இதை வரைஞ்சது நான்!”

“நீங்களா?” அவன் முகம் மலர்ந்தது. “பார்த்ததுமே நினைச்சேன் மத்மாஸெல். மஞ்சள் வைக்கன்னே நாலு மூலையையும் காலியா விட்ட முதல் ஆள் நீங்கதான்!”

ஜினெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மஞ்சளுக்கு ஒண்ணும் விடலை. காலியா இருக்கிறதுதான் மாடர்ன்!”

“அப்போ மாடர்னும் மஞ்சளும் ஒரே இடத்தைத்தான் கேட்டிருக்கு...”

சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னல் கண்ணாடியும் அவன் பக்கம்தான், அவன் முகத்தையே காட்டியது. சிரித்துவிட்டாள்.

அவர்கள் பேசியது தீவின் கிரெயோல் மொழி; ‘மிஸ்யே’வும் ‘மத்மாஸெல்’லும் அதன் மரியாதைச் சொற்கள். மொரிஷியஸில் பிறந்த அவனுக்குத் தமிழ் கோயில் பாட்டோடு சரி. அவளுக்கு வீரசாமி என்ற குடும்பப் பெயரோடு சரி. ‘ஐயோ’ மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

அவன் பெயர் சதாசிவன். அரசாங்க உத்தியோகம். போ பசான் என்ற ஊரிலிருந்து தினமும் அதே பேருந்து. நவம்பர் மழை டிசம்பர் வெயிலாவதற்குள் யார் முதலில் ஏறினாலும் மற்றவருக்கு இடம் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. நீங்க நீயானது எந்த நிறுத்தத்தில் என்று இருவருக்கும் தெரியாது. அவள் ஞாயிறு பூசையில் பாடுவாள் என்றதும், ஒருநாள் சர்ச் வாசலில் நின்று கேட்டதாகச் சொன்னான். “உள்ள வந்திருக்கலாமே?” என்றாள். “செருப்பைக் கழட்டணுமான்னு தெரியலை...” என்றான். அன்று முழுக்க அச்சகத்தில் அவள் போட்ட கோடுகள் எல்லாம் வளைந்தே வந்தன.

ஊர் சும்மா இருக்குமா? செய்தி அப்பா ஆல்பெரின் காதுக்கு எட்டியது.

“நாம கத்தோலிக்கர். கோயில்ல கால் வைக்கிற குடும்பத்துக்கு என் பொண்ணைத் தர மாட்டேன். முடிஞ்சுது!”

ஜினெட்டுக்கு அப்பா என்றால் உயிர். அவரை ஏமாற்றிவிட்டு ஒரு காதலா... முடியாது. ஜெபமாலையை விட்டுவிட்டு ஒரு கல்யாணமா... அதுவும் முடியாது. ஆனால் அந்தக் கண்கள் இல்லாமல் ஒரு காலைப் பொழுதா?

“இனிமே இந்த பஸ்ல வர மாட்டேன் சதா.”

ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவனுக்கும் ரோஷம் உண்டு. “சரி” என்று இறங்கிப் போய்விட்டான். அந்த ஒற்றைச் சொல்லை நினைத்து நினைத்து அழுதாள்.

தைப்பூசம் வந்தது. அன்று ஆல்பெர் வழக்கம்போல் விடியுமுன் தூண்டிலோடு கிளம்பிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறைதான் அவர் மீன் பிடிக்கப் போவார். ஒரு மீன்கூட வீடு வந்ததில்லை.

ஜினெட் தெருமுனைக்குப் போய் நின்றாள். காவடிகளின் நிறங்களைப் பார்க்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரை ஏமாற்ற? தூறல் விழுந்தது. கூட்டம் “அரோகரா!” என்றது. பூக்காவடி சுமந்து சதா வந்தான். நாக்கில் சின்ன வேல். பேச முடியாது. அவளைப் பார்த்ததும் கண்கள் மட்டும் அகலமாக விரிந்தன... அத்தனை நாள் கோபமும் அந்தப் பார்வையில் கரைந்துபோனது.

அவனுக்குப் பக்கத்தில், இடுப்பில் மஞ்சள் வேட்டி, தலையில் பால் செம்பு, வெறுங்காலில்... ஆல்பெர்!

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அப்பா...” ஜினெட் மெதுவாகக் கேட்டாள். “மீன் கிடைச்சுதா?”

செம்பு ஆடியது. சதா சட்டென்று ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்தான். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

பாலைக் கொடுத்துவிட்டு ஆல்பெர் கோயில் வாசலில் உட்கார்ந்தார்.

“கைக்குழந்தையில உனக்கு மலேரியா. மாதா முன்னால மெழுகுவத்தி ஏத்தினேன். பயம் போகலை. முருகனுக்கும் வேண்டிக்கிட்டேன். யார் காப்பாத்தினாங்கன்னு தெரியலைம்மா... ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லிட்டிருக்கேன்.”

“அப்போ கோயில்ல கால் வைக்கிற குடும்பம் எது அப்பா?”

ஆல்பெர் தன் வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சதாவைக் கை காட்டினார். “வருஷா வருஷம் இந்தப் பையன் பக்கத்துலதான் நடக்கறேன். நல்ல பையன். ஏன், இவனை உனக்குத் தெரியுமா?”

“அந்த பஸ் பையன் இவன்தான்.”

“ஐயோ!” ஆல்பெர் தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சரி... பாதிரியார்கிட்ட நானே பேசறேன். இந்த மீன் கதையையும் சேர்த்து.”

மறுநாள் காலை. அதே பேருந்து, அதே மழை. அவள் இடம் பிடித்து வைத்திருந்தாள். சதா தயங்கித் தயங்கி உட்கார்ந்தான்.

“ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?” என்றாள்.

“கேட்டா அழுதிருப்பேன். பஸ்ல எப்படி அழறது?”

ஜினெட் பையிலிருந்து வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து அவன் மடியில் வைத்தாள். விடியற்காலையில் எழுந்து வரைந்தது. மேலே சின்னச் சிலுவை. அதைச் சுற்றி ஓடும் கொடி. நடுவில் இரண்டு பெயர்கள்... ஜினெட், சதாசிவன்.

அவன் அட்டையைக் கையில் எடுத்தான். “ஜினெட்... இது...”

“உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு சதா. ரொம்ப. என் சிலுவை என்னோட இருக்கும், உன் காவடி உன்னோட இருக்கும். சம்மதமா?”

“அந்த முதல் மழையிலேயே சம்மதம்!” அட்டையின் மூலையை அவன் விரல் மெல்லத் தடவியது. “நாலு மூலையும் காலியா இருக்கே... இதுவும் மாடர்னா?”

ஜினெட் தலையைக் குனிந்துகொண்டு, கைப்பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தாள். உள்ளே குழைத்த மஞ்சள்.

“இந்தத் தடவை வேணும்னே விட்டேன்” என்றாள்.