கடைசிப் பாட்டின் தாளம்

பட்டறைக்குப் பின்னால் இருந்த அந்த அடித்தள அறைக்குத் தங்கை வந்து சேர்ந்தபோது மதியம்கூட ஆகவில்லை. படியிறங்க இறங்க வெயில் பின்தங்கியது. ஈரக் கம்பளமும் சூடான வயரும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

அண்ணனின் இசைக்குழு ஒருநாளும் மேடை ஏறியதில்லை. அண்ணன் கிதார், அக்கா பாட்டு, அவ்வளவுதான் குழு. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. வருடக்கணக்காக இந்த அறையிலேயே கிடந்து பதிவு செய்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடும் கூண்டு. அதன் கதவு கடகடவென்று ஆடும் என்பதால் வெளியே தாழ்ப்பாள் போடுவான் அண்ணன். சத்தம் வருகிறதென்று காற்றுத் துளையையும் அடைத்துவிடுவான். சிவப்பு விளக்கு எரிகிறவரை யாரும் திறக்கக் கூடாது. பாடி முடித்தால் அவனிடமிருந்து ஒரே சொல்தான் வரும்: "மறுபடியும்."

"அண்ணனுக்கு எல்லாம் வரும். தாளம் மட்டும் வாசலோட நின்னுடும்" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அவள் தூக்கத்தில் மூச்சுத் திணறி இறந்துபோய்விட்டாள் என்றுதான் அண்ணன் வீட்டில் சொல்லியிருந்தான். அவளுடைய கடைசிப் பாட்டில் ஒரு சரணம் பாக்கி. தங்கைக்கும் அதே குரல். ஆனால் அவள் வந்தது பாட அல்ல; அக்காவை ஒரு தடவை கேட்க.

"உள்ள போம்மா. ஹெட்போனை மாட்டிக்க. அவ விட்ட இடத்துல நீ பிடிச்சுக்க."

தாழ்ப்பாள் விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்கா பாடினாள், பக்கத்தில் நின்று பாடுவதுபோல. பின்னால் ஒரு மேளம். தொம், தொம், தொம்.

"அண்ணே, மேளம் யாரு? நம்ம குழுவுல மேளமே கிடையாதே?"

"தானா அமைஞ்சது. அதுக்காகத்தான் அந்தப் பதிவை அழிக்கல."

தங்கை திரும்பிக் கதவைப் பார்த்தாள். உள்பக்கத்துப் பஞ்சு முழங்கால் உயரத்தில் கிழிந்திருந்தது.

விரல் விரலாக.

பாட்டு நின்றது. தொம், தொம் நிற்கவில்லை. நடுவே, இழுத்து இழுத்து, மூச்சு.

"கதவைத் திற அண்ணே!" கதவை அறைந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"நல்லா வருது. இன்னும் கொஞ்சம் பலமா தட்டு."

காற்று கனத்தது. அப்போது காதோரம், ஹெட்போனில், பாடாத குரல்.

"தட்டாதடி. சத்தம் இருக்கிறவரைக்கும் அவன் திறக்கமாட்டான்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தாள்.

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. "என்னாச்சு, மைக் போச்சா?" அண்ணன் நேராக மைக்கிடம் போனான். காலடியில் கிடந்தவளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் அவள் தவழ்ந்து வெளியேறினாள்.

கதவு சாத்திக்கொண்டது. அவள் தொடவில்லை.

தாழ்ப்பாள் விழுந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

பதறிப்போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தாள். அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத, ஜில்லென்ற கை.

உள்ளே அண்ணன் தட்டத் தொடங்கினான், தாறுமாறாக.

மேசையில் கிடந்த அவனுடைய ஹெட்போனிலிருந்து அக்கா சிரித்தாள்.

"தாளம் தப்புதே அண்ணே."

டேப் தானாகப் பின்னோக்கிச் சுழன்றது. நின்றது.

"மறுபடியும்."